ஏழாம் எண் ரயிலும் மெக்ஸிகப் போஜனமும்

பெருநகரத்தில் வாழ்பவர்களுக்கு உண்டாகும் அகங்காரங்கள் பலவற்றுள் தலையாயது, பூமண்டலத்தின் எந்த மூலையில் சமைக்கப்படும் பதார்த்தமும் தங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பிரயாணத்தில் கிடைத்துவிடும் என்னும் நம்பிக்கையாகும். நியூயார்க் நகரத்தாருக்கு இந்த நோய் சற்று முற்றியே இருக்கும். திபெத்தியரின் மோமோவும், ஜார்ஜியா தேசத்து ரொட்டியும், யேமன் நாட்டு ஆட்டிறைச்சிச் சோறும் இங்கே உண்டு. பிளஷிங்கில் பௌன் தெருப் பிள்ளையார் கோவிலுக்குப் போனால், சந்நிதியில் கற்பூர ஆரத்தி கண்ட கையோடு கீழ்த்தளத்துக்கு இறங்கி முறுகலான தோசையும் உண்ணலாம். இத்தனை கர்வத்தோடு தலை நிமிர்ந்து நடக்கும் நியூயார்க்வாசியை ஒரே வாக்கியத்தால் கூனிக் குறுகச் செய்யும் வித்தையைக் கலிபோர்னியாக்காரர்கள் கைவரப் பெற்றிருக்கிறார்கள். "எல்லாம் சரிதான், ஆனால் உங்கள் ஊரில் நல்ல மெக்ஸிகோ சாப்பாடு கிடையாதே!" என்பார்கள். அப்போது அவர்கள் முகத்தில் ததும்பும் அநுதாபத்தைக் காண்பதைவிட, அவர்கள் வாயால் நாலு வசவு கேட்பது எவ்வளவோ மேல்.

என் அலுவலகத்தில் எதிர் மேஜையில் இருந்த சிநேகிதர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்து வளர்ந்தவர். மற்ற வேளைகளில் பரம சாது. பகல் போஜன வேளை நெருங்கினால் மட்டும் அவருக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிடும். கடற்கரையோரத்தில் அடைக்குள் மீனை வைத்து மடித்துத் தரும் மீன் டாக்கோவையும், கையகலத்துக்கு மேல் விரிந்து கண்ணாடிபோல் மெலிந்த கோதுமை டோர்ட்டியா அடையையும் எண்ணிப் பெருமூச்சு விடுவார். நானோ தமிழ்நாட்டிலிருந்து இந்த ஊருக்குக் குடியேறியவன். ஆயினும் ஊரில் பிறந்தவர்களைவிட வந்து சேர்ந்தவர்களுக்கே ஊர்ப்பற்று அதிகம் என்பது அநுபவசித்தம் அல்லவா? நியூயார்க்கின் மானத்தைக் காக்கும் பொறுப்பை, எவரும் ஒப்படைக்காமலே, நான் ஏற்றுக்கொண்டேன்.

நாடக அரங்குகள் நெருங்கிய மன்ஹாட்டன் வீதி ஒன்றில் இருந்த மெக்ஸிகோ விடுதிக்கே முதலில் நானும் என் மனைவியும் போனோம். அதன் பெயரை இங்கே எழுதாமல் விடுவது, அதன் சொந்தக்காரருக்கும் பிள்ளைகுட்டிகள் இருக்குமே என்ற இரக்கத்தினால்தான். சுவர் முழுவதும் அகன்ற விளிம்புத் தொப்பிகள். மூலைக்கு மூலை பிளாஸ்டிக்கில் வார்த்த கள்ளிச் செடிகள். கிட்டார் ஏந்திய மூவர், காசு விழுந்தாலன்றி நகருவதில்லை என்ற விரதம் பூண்டு, மேஜை மேஜையாக வந்து பாடினார்கள். பரிசாரகர் ஒருவர் மூன்று கால் கல்லுரலைக் கொண்டுவந்து வைத்து, எங்கள் கண்ணெதிரிலேயே அவகாடோவைப் பிசைந்து கொடுத்தார். அதற்கு அவர்கள் வாங்கிய விலைக்கு அந்த உரலையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் நியாயமாக இருந்திருக்கும். பக்கத்து மேஜைகளுக்கு உறைபனியாய்க் குழைந்த மார்கரீட்டா பானம் கிண்ணம் கிண்ணமாகப் போய்க்கொண்டிருந்தது. அதை ஆஸ்டெக் மன்னர் காலத்துச் சம்பிரதாயம் என்று எண்ணிப் பக்தியுடன் அருந்துவோரைக் கண்டிருக்கிறேன். உண்மையில் அதைச் சுழற்றித் தரும் இயந்திரம் 1971-இல் டெக்ஸாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில், மரியானோ மார்ட்டினெஸ் என்பவர் ஓர் ஐஸ்கிரீம் இயந்திரத்தைத் திருத்தி அமைத்தது. அந்த ஆதி இயந்திரத்தை ஸ்மித்சோனியன் நிறுவனத்தார் பொருட்காட்சிசாலையில் சேர்த்துவிட்டார்கள். அதன் சந்ததிகள்தாம் இன்னும் ஓய்வு பெற்றபாடில்லை.

பிறகு தட்டு வந்தது. தட்டு வந்தது என்பதற்கு அதன் விளிம்பு ஒன்றே சாட்சி; மற்றப் பிரதேசம் முழுவதையும் உருகிய மஞ்சள் சீஸ் மூடியிருந்தது. என் மனைவி அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, இதுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியாமலேதான் சாப்பிடணுமா?" என்று கேட்டாள். தெரிந்த பிறகும் நிலைமையில் அபிவிருத்தி ஏதும் ஏற்படவில்லை. சுவரில் தொங்கும் தொப்பிகளின் எண்ணிக்கை ஏற ஏறத் தட்டில் ருசி இறங்கிக்கொண்டே போகும் என்னும் விதியை நான் வகுத்தது அன்றைய தினம்தான். அதற்கு விலக்கு ஒன்றையும் இன்றுவரை காணவில்லை.

இதைச் சொன்னதனால் சீஸ் கண்ட இடமெல்லாம் மூக்கைச் சுளிக்கும் பண்டிதர்கள் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடக் கூடாது. சீஸ் மிகுந்த இவ்வகைச் சமையலுக்குப் பேர்போன டெக்ஸாஸ் என்பது 1836 வரையில் மெக்ஸிகோவைச் சேர்ந்த பூமி. எல்லைக்கோடு தங்களைத் தாண்டி நகர்ந்துபோன பிறகு அங்கே இருந்த மெக்ஸிகர்கள் கிடைத்த சாமான்களை வைத்துக்கொண்டு சமைத்த சமையலை 'அசலன்று' என்று தள்ளுவதற்கு நாம் யார்? சீஸ் உருக்கிய நாச்சோவேகூட எல்லையோரத்துப் பியேத்ராஸ் நேக்ராஸ் ஊரில், இக்னாசியோ அனாயா என்ற மெக்ஸிகர், எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அமெரிக்கப் பெண்மணிகளின் பசிக்கு அவசரமாகச் செய்துகொடுத்த பண்டந்தான். என் வழக்கெல்லாம் சீஸைப் போர்வையாக உபயோகிப்பவர்களின் மேல்தான்.

தேடத் தேட எனக்கு ஒன்று விளங்கிற்று. மெக்ஸிகோ உணவு என்று பொதுவாக ஒன்றைத் தேடிப் புறப்படுவதே கோளாறு. வடக்கே வறண்ட சொனோரா மாநிலத்தில் கோதுமையும் மாட்டிறைச்சியும். மேற்குக் கடலோரத்தில் மீன். யூகாத்தான் தீபகற்பத்தில் நாரத்தைச் சாறும் ஹபனேரோ மிளகாயும். ஓஹாக்காவில் வகை வகையான மோலே என்னும் குழம்புகள். புவெப்லாவில் அதற்குப் போட்டியாக இன்னொரு மோலே. யுனெஸ்கோ ஸ்தாபனம் 2010-இல் மெக்ஸிகோவின் பாரம்பரியச் சமையலை மானுட குலத்தின் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தபோது ஒரே பெயரில் சேர்த்தது. ஆனால் சமைப்பவர்கள் அந்த ஒற்றுமையைப் பற்றிச் சிரத்தை கொண்டதாகத் தெரியவில்லை. ஆகவே ஒரு பெருநகரத்தில் கேட்கவேண்டிய கேள்வி, 'இங்கே நல்ல மெக்ஸிகோ உணவு எங்கே கிடைக்கும்?' என்பதன்று, 'இந்த ஊருக்கு மெக்ஸிகோவின் எந்தச் சீமைக்காரர்கள் வந்து குடியேறியிருக்கிறார்கள்?' என்பதே. என் சிநேகிதர் நியூயார்க்கில் மெக்ஸிகோவின் மேற்குக் கடலோரப் பாஹா கலிபோர்னியாவின் மீனைத் தேடி ஏமாந்தது, திருநெல்வேலிக்குப் போய்த் தலைச்சேரிப் பிரியாணி நன்றாயில்லை என்று குறைப்படுவதற்கு ஒப்பாகும்.

நியூயார்க்குக்கு வந்தவர்கள் புவெப்லாக்காரர்கள். அதற்கு முன்னே நிலைமை மெய்யாகவே பரிதாபகரமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1960-களின் இறுதியில் டயானா கென்னடி என்ற ஆங்கில அம்மையார், மெக்ஸிகோவில் பல வருஷம் வாழ்ந்து திரும்பியவர், மன்ஹாட்டனில் தம் ஜாகையிலேயே மெக்ஸிகோ சமையல் வகுப்பு நடத்தத் தொடங்கினார். 1972-இல் அவர் வெளியிட்ட சமையல் புஸ்தகம் பெரும்பிரசித்தி அடைந்தது. ஓர் ஊரில் ஓர் உணவைப் புஸ்தகத்தைப் பார்த்துத்தான் உண்ணமுடியும் என்றால், அவ்வூரின் யோக்கியதை அவ்வளவுதான். பிறகு 1980, 90-களில் புவெப்லா மாநிலத்தின் தென்பகுதியான மிக்ஸ்டேக்கா மலைச்சீமையிலிருந்து ஊர் ஊராக ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். 'புவெப்லா யார்க்' என்று பரிகாசமாகவும் பெருமையாகவும் சொல்லும்படி இந்நகரத்தில் அவர்கள் பெருகினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஊரில் நல்ல மெக்ஸிகோ சமையல் இல்லை என்று எல்லாரும் அங்கலாய்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், ஊரின் பெயர்பெற்ற விடுதிகளின் அடுப்பங்கரைகளில் எல்லாம் மெக்ஸிகர்களே நின்றுகொண்டிருந்தார்கள். இத்தாலியரின் பாஸ்தாவை வடித்தவர்களும், பிரெஞ்சுக்காரரின் சாறுகளைக் காய்ச்சியவர்களும் அவர்கள்தாம். ஆண்டனி போர்டெய்ன் என்னும் சமையற்காரர்-எழுத்தாளர், தம்முடன் பணியாற்றிய புவெப்லாக்காரர்களின் திறமையைக் கண்டு வியந்து, அவர்கள் சொந்த ஊருக்கே யாத்திரை போய் எழுதினார். நம்மவர் விடுதி ஒன்றில் நான் சமையற்கட்டைத் தற்செயலாக எட்டிப் பார்த்தபோது, அங்கே சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்த இளைஞரும் புவெப்லாவாசியே. முதலாளியின் தமிழ் வசவுகள் யாவும் அவருக்கு அர்த்தத்தோடு பாடமாகியிருந்தன. பகலெல்லாம் பிறர் நாட்டுப் போஜனத்தைச் சமைத்துக் களைத்தவர்கள், இரவில் வீடு திரும்பும் வழியில் தங்கள் நாட்டுப் போஜனத்தை எங்கே உண்டார்களோ, அந்த இடமே நாம் போகவேண்டிய இடம். அந்த வழி ஏழாம் எண் ரயில் போகும் வழி.

ஏழாம் எண் ரயில் மன்ஹாட்டனில் நிலத்தடியில் புறப்பட்டு, ஆற்றுக்கு அடியில் புகுந்து, குவீன்ஸ் பிரதேசத்தில் தலை தூக்கி, வீதிக்கு மேலே இரும்புத் தூண்களில் ஊர்ந்து பிளஷிங்கில் போய் நிற்கும். ஒரு கோடியில் நம் பிள்ளையார். இடையில் 74-ஆம் தெரு நிலையத்திலிருந்து கொரோனா என்னும் பேட்டை வரையில் ரூஸ்வெல்ட் அவென்யூ. தண்டவாளத்துக்குக் கீழே வெயில் கீற்றுக் கீற்றாக விழும் அந்த வீதியில் ரயில் போகும்போது பேச்சு என்பது சாத்தியமில்லை. எல்லாரும் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, ரயில் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். விலை பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த இடைவேளை நிதானமாக யோசிக்க உதவும். எங்கள் குடும்பத்தில் ஒரு தர்மசங்கடம் மட்டும் உண்டாயிற்று. கோவிலுக்குப் போகும் ரயிலும் பன்றி இறைச்சி டாக்கோவுக்குப் போகும் ரயிலும் ஒன்றாக இருப்பதை என் மனைவி ஒப்பவில்லை. "போற வழியில சாப்பிட்டாலும் தப்பு, வர்ற வழியில சாப்பிட்டாலும் தப்பு" என்று தீர்ப்புக் கூறினாள். ஆகவே சனிக்கிழமை பிள்ளையாருக்கும், ஞாயிற்றுக்கிழமை கொரோனாவுக்கும் என்று பாகம் பிரித்துக்கொண்டோம்.

நல்ல இடத்தை அடையாளம் காண்பதற்கு டோர்ட்டியாவைத்தான் பார்க்கவேண்டும். டாக்கோவில் மேலே வைக்கும் இறைச்சியைப் பற்றியே ஜனங்கள் பேசுகிறார்கள்; அடியில் இருக்கும் மக்காச்சோள அடை சரியாக இல்லாவிட்டால் மேலே அமிர்தத்தை வைத்தாலும் பயன் இல்லை. அந்த அடையின் ரகசியம், நாம் வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோலைக் கழுவிப் போக்கி, கல்லில் அரைத்தால்தான் அது திரண்டு மாவாகும். இந்த நிஷ்டமால் முறையை மெக்ஸிகோவின் பூர்வகுடிகள் எப்படிக் கண்டுபிடித்தார்களோ, சோளத்தில் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்னும் சத்தை அது விடுவிக்கிறது. ஐரோப்பியர் சோளத்தைக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். சுண்ணாம்பு விஷயத்தைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. அதன் பலன், இத்தாலியிலும் ஸ்பெயினிலும், பிற்காலத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் சோளமே கதியென்று இருந்த ஏழைகள் பெல்லக்ரா நோய்க்கு இரையானார்கள். சமையற்குறிப்பைப் பாதியோடு எழுதிக்கொண்டு ஓடுபவர்களுக்கு இதைவிடக் கடுமையான தண்டனை சரித்திரத்தில் இல்லை.

நியூயார்க்கில் இந்த டோர்ட்டியாவுக்காகப் புரூக்லினில் புஷ்விக் வட்டாரத்தில் ஆலைகள் ஏற்பட்டிருக்கின்றன. பையில் வரும் மாவைப் பிசைந்து சுடும் கடைகளே பெரும்பான்மை. அவற்றிலும் யோக்கியமானவை உண்டு. ஆனால் வாசலில் நுழையும்போதே, வெந்த சோளமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாசனை எதிர்கொண்டு அழைக்குமானால், உணவுப் பட்டியலைப் பார்க்காமலே உட்கார்ந்துவிடலாம். என் மனைவிக்கு இந்த விஷயத்தில் எனக்கு இல்லாத நாசி உண்டு. தெருமுனையிலேயே நின்று, "இங்க வேண்டாம்" என்று சொல்லிவிடுவாள்.

இனி அந்த வீதியில் உண்ணத் தக்கவை. செங்குத்தான கம்பியில் அடுக்கடுக்காகக் கோத்துச் சுழலும் பன்றி இறைச்சியை, உச்சியில் வீற்றிருக்கும் அன்னாசித் துண்டோடு சீவித் தரும் அல் பாஸ்தோர் டாக்கோவுக்குப் பூர்வீகம் மேற்காசியா. லெபனான் முதலிய தேசங்களிலிருந்து மெக்ஸிகோவில் குடியேறியவர்கள் கொணர்ந்த ஷவர்மா, 1930-களில் புவெப்லா நகரில் 'அரபு டாக்கோ' ஆகி, பிறகு மெக்ஸிகோ நகரில் அன்னாசியைச் சூடிக்கொண்டது. அடுத்தது செமீத்தா: எள் தூவிய உருண்டை ரொட்டிக்குள் பொரித்த இறைச்சித் தகடும், நூல் நூலாகப் பிரியும் சீஸும், அவகாடோவும், புகையூட்டிய சிப்போட்லே மிளகாயும், பாப்பலோ என்னும் கீரையும் வைத்துத் தருவார்கள். பாப்பலோவின் வாசனை நம் கொத்தமல்லியைப் போன்றதென்று சிலர் எழுதுகிறார்கள்; கொத்தமல்லிக்குக் கோபம் வந்தால் அப்படி இருக்கலாம். இந்தச் செமீத்தாவைப் பல கலிபோர்னியாக்காரர்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை என்று அறிந்தபோது எனக்கு உண்டான ஆனந்தத்தை மறைத்துக்கொள்ளப் பெரும் பிரயத்தனம் தேவையாயிற்று.

மே மாதம் 5-ஆம் தேதி அமெரிக்கா முழுவதும் ஒரு கோலாகலம் நடக்கும். தொப்பி விடுதிகளில் அன்று இடம் கிடைக்காது. பலரும் அதை மெக்ஸிகோவின் சுதந்திர தினம் என்றே எண்ணிக் குடிக்கிறார்கள். சுதந்திர தினம் செப்டம்பர் 16. மே 5 என்பது, 1862-இல் படையெடுத்து வந்த பிரெஞ்சுச் சேனையைப் புவெப்லா நகரில் மெக்ஸிகர் முறியடித்த தினம். மெக்ஸிகோவில்கூடப் புவெப்லாவுக்கு வெளியே அதற்கு அவ்வளவு ஆரவாரம் இல்லை. ஆக, அமெரிக்காவில் அந்த நாளைக் கொண்டாட உண்மையான பாத்தியதை உள்ள நகரம் ஒன்று உண்டென்றால் அது நியூயார்க்தான். அந்தப் பாத்தியதை உள்ளவர்களோ அன்று இரவு வேறு யாருக்கோ பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

காரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தமிழ் வாசகர்கள் மன்னிக்கமாட்டார்கள். என் மைத்துனர் ராமநாதபுரம் ஜில்லாவில், முண்டு மிளகாய் காயும் களத்துமேட்டில் வளர்ந்தவர். அவர் எங்களோடு வந்து தங்கியிருந்தபோது கொரோனாவுக்கு அழைத்துப் போனேன். தள்ளுவண்டி அம்மாள் சால்ஸா என்னும் மிளகாய்ச் சட்னிக் கிண்ணங்களைக் காட்டி, ஆரஞ்சு நிறமாக இருந்த ஒன்றின்மேல் மட்டும் கையை வைத்து மூடி, தலையை அசைத்து எச்சரித்தாள். மைத்துனர் புன்னகை புரிந்தார். "அத்தான், மொளகாயைப் பத்தி நமக்கே சொல்றாங்க பாருங்க!" என்று சொல்லி, அந்த ஆரஞ்சு நிறத்தையே தாராளமாக ஊற்றிக்கொண்டார். அது ஹபனேரோ. 1912-இல் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர் காரத்துக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். அதன்படி நாம் கடைகளில் காணும் ஹலபேன்யோ மிளகாய் எட்டாயிரத்தை எட்டுவது அபூர்வம், ஹபனேரோவோ லட்சத்துக்கு மேலேதான் கணக்கைத் தொடங்கும். முதல் கவளத்துக்குப் பிறகு மைத்துனர் பேசவில்லை. தலைக்கு மேலே ரயில் ஒன்று வந்து போயிற்று. அதனால்தான் பேசவில்லை என்று பின்னர் அவர் விளக்கம் கூறினார்.

அவரை ரட்சித்தது ஓர்ச்சாத்தா: அரிசியை ஊறவைத்து அரைத்து, இலவங்கப்பட்டை சேர்த்து, பால் கலந்து குளிரவைத்த பானம். அந்தப் பட்டை நம் பக்கத்து இலங்கைப் பட்டை என்பதைக் கவனிக்கவேண்டும். தடித்த சீனப் பட்டையை மெக்ஸிகர்கள் மதிப்பதில்லை. இன்றைக்கும் இலங்கைப் பட்டையை மிகுதியாக வாங்கும் தேசங்களில் மெக்ஸிகோ முன்வரிசையில் நிற்கிறது. நாம் மட்டும் என்ன? நாம் பரம்பரைச் சொத்தென்று மார்தட்டும் மிளகாய், அவர்கள் பூமியில் பிறந்து, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்து இறங்கியது. அதற்கு முன் நம் பாட்டன்மார் மிளகைக் கொண்டே கண்ணீர் விட்டார்கள். பதிலுக்கு, 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் கீழ்த்திசைச் சரக்குகள் ஏராளமாக அங்கே போயின. புளியும் மாம்பழமும் மெக்ஸிகோவில் ஊர்ப் பிள்ளைகளாகிவிட்டன. ரூஸ்வெல்ட் அவென்யூ முனையில் மாங்காயைப் பூப்போல அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, எலுமிச்சை பிழிந்து ஒரு பெண் நீட்டும்போது, மெரினாக் கடற்கரையில் அதையே தின்று வளர்ந்த நாங்கள் ஒருவருக்கொருவர் பேசாமல் இன்னொன்று வாங்குவோம்.

சைவர்களின் பாடுதான் கஷ்டம். என் மனைவியின் பெரியப்பா வள்ளலார் வழி நிற்பவர். அவரை அழைத்துக்கொண்டு போன அன்று, பீன்ஸ் கடைசலில் பன்றிக் கொழுப்பும், சிவப்புச் சோற்றில் கோழிச் சாறும் ஒளிந்திருப்பதை ஒவ்வொரு கடையிலும் கேட்டுக் கேட்டு அறிந்தோம். கடைசியில் ஓர் அம்மாள் எங்கள் நிலையைக் கண்டு இரங்கி, கோமால் என்னும் தட்டைக் கல்லில் தனியாக ஓர் அடை தட்டி, பூசணிப் பூவை உள்ளே வைத்துச் சுட்டுக் கொடுத்தாள். அடுத்து நோபால் போடட்டுமா என்றாள். நோபால் என்றால் சப்பாத்திக்கள்ளியின் மடல், முள்ளை நீக்கி வதக்கியது. "ஏம்மா, ஊர்ல ஆடுகூட எட்டிப் பாக்காத வேலியை இங்க டாலர் குடுத்துத் திங்கணுமா?" என்று பெரியப்பா என் மனைவியைக் கேட்டார். கேட்டுவிட்டு உண்டார், உண்டுவிட்டு, "இன்னொண்ணு போடச் சொல்லு" என்றார்.

அந்தக் கள்ளிக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு தோட்டம் போட்டார். மெக்ஸிகோவிலிருந்து ஸ்பானியர் ஏகபோகமாக விற்றுவந்த செஞ்சாயம், கள்ளியில் வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து எடுப்பது. அதை மதராஸில் வளர்த்துவிடலாம் என்பது அவர் திட்டம். சாய வியாபாரம் செழிக்கவில்லை. நம் பிள்ளைகள் சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தின்று நாக்கைச் சிவப்பாக்கிக்கொண்டதோடு சரி. மடலைச் சமைக்கலாம் என்று சைதாப்பேட்டையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஹுவிட்லாகோச்சே என்ற இன்னொரு சைவப் பதார்த்தமும் உண்டு. மக்காச்சோளக் கதிரில் கறுத்துப் பருத்து எழும் கரிப்பூட்டைக் காளான் அது. நம் உழவர் கண்டால் மருந்தடிக்க ஓடுவார். அவர்கள் அதற்கு அதிக விலை கேட்கிறார்கள். பெரியப்பாவுக்கு அது என்னவென்று நாங்கள் சொல்லவில்லை. காளான் என்று மட்டும் சொன்னோம், பொய்யில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு, ஏழ்மையான இடமே ருசியான இடம் என்று எவரேனும் முடிவு கட்டினால் அதுவும் பிசகு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காய்ந்த இறைச்சியையும் பிளந்துபோன டோர்ட்டியாவையும் தின்றுவிட்டு, 'ஆஹா, எத்தனை அசல்!' என்று மெய்சிலிர்க்கும் கனவான்கள் தொப்பி விடுதிக்காரர்களுக்குச் சற்றும் இளைத்தவர்கள் அல்லர். மன்ஹாட்டனில் 2014-இல் மெக்ஸிகோவின் பிரபல சமையற்கலைஞர் என்ரிக்கே ஓல்வெரா திறந்த கோஸ்மே விடுதியில் விலையைப் பார்த்தால் மூச்சு நிற்கும். உணவைச் சுவைத்தால் மறுபடி ஓடும். தெரு வண்டிக்காரர்களின் வாழ்வோ மனோரம்மியமானதன்று. உணவு வண்டிகளுக்கான உரிமங்களுக்கு இந்நகரம் 1983-இல் உச்சவரம்பு விதித்தது. பின்னர்ச் சட்டம் சற்றுத் தளர்ந்தும், கேட்பவர்கள் பலர், கிடைப்பது சிலருக்கு. 2023 கோடையில் கொரோனா சதுக்கத்து வியாபாரிகளை அதிகாரிகள் அப்புறப்படுத்தினார்கள். பிறகு சிலரை மட்டும் ஒழுங்குமுறையோடு அநுமதித்தார்கள். இருட்டு விலகும் முன்பே நிலைய வாசலில் தமால் என்னும் சோளக் கொழுக்கட்டைப் பானையோடு நிற்கும் அம்மாளை ஒருநாள் காணாவிட்டால், அவள் இடம் மாறினாளா, துரத்தப்பட்டாளா என்று வாடிக்கைக்காரர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள்.

என் சிநேகிதரைக் கடைசியில் கொரோனாவுக்கு அழைத்து வந்தேன். செமீத்தாவை இரு கைகளாலும் பற்றி, மறுபேச்சில்லாமல் முழுவதும் உண்டார். இரண்டு ரயில்கள் போன பிறகு, "பரவாயில்லை" என்றார். கலிபோர்னியாக்காரர் வாயிலிருந்து இது பெரிய சாஸனம். ஆனால் உடனே, "இருந்தாலும் எங்கள் ஊர் மீன் டாக்கோ..." என்று தொடங்கினார். நியாயத்தைச் சொல்லவேண்டும்: 1848 வரையில் மெக்ஸிகோவின் பகுதியாகவே இருந்த லாஸ் ஏஞ்சலிஸோடு, நேற்றைக்குக் குடியேறிய புவெப்லாவை வைத்துக்கொண்டு நியூயார்க் மல்லுக்கு நிற்க முடியாது. மெக்ஸிகோவின் எல்லாச் சீமைகளும் அங்கே இருக்கின்றன. இங்கே பிரதானமாக ஒரு சீமை. அந்த ஒரு சீமைச் சமையலில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லோம் என்பதே என் கட்சி.

நியூயார்க் வரும் வாசகர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழாம் எண் ரயிலேறி 103-ஆம் தெரு நிலையத்தில் இறங்குங்கள். ஆனைக்கற்றாழை மடலில் பொதிந்து மணிக்கணக்காக வேகவைத்த ஆட்டிறைச்சியான பார்பகோவாவைப் பல கடைகளில் வார இறுதியில் மட்டுமே போடுவார்கள். உடன் தரும் சாற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பகல் பன்னிரண்டுக்குள் தீர்ந்துவிடும். வண்டிக்காரர்கள் பலரிடம் ரொக்கமே செல்லும். சில்லறையாக எடுத்துப் போங்கள். ஆரஞ்சு நிறக் கிண்ணத்தை யாராவது கையால் மூடினால், தயவுசெய்து அந்தக் கையை நம்புங்கள்.